ரெசிடென்ட் ஈவில் 4: நின்று சுட்டதும் நடந்து சுடுவதும்

2005-இல் வந்த திகில் வீடியோ கேமான ரெசிடென்ட் ஈவில் 4-க்கும், 2023 மார்ச் 24 அன்று கேப்காம் வெளியிட்ட அதன் மறுஆக்கத்துக்கும் கதை ஒன்றுதான். அமெரிக்க அதிபரின் மகள் ஆஷ்லியைக் கடத்திவிட்டார்கள். லியோன் கென்னடி என்ற ஏஜென்ட் ஸ்பெயின் நாட்டின் ஒரு மூலைக் கிராமத்துக்குப் போய் அவளை மீட்டு வர வேண்டும். கிராமம், கோட்டை, தீவு என்ற வரிசைகூட மாறவில்லை. ஆனாலும் இரண்டையும் முழுதாக விளையாடி முடித்தவனாகச் சொல்கிறேன், இவை இரண்டு வெவ்வேறு கேம்கள். கிராஃபிக்ஸ் அதற்குக் காரணமில்லை. பழையதில் துப்பாக்கியைத் தூக்கினால் லியோனின் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். புதியதில் நடந்துகொண்டே சுடலாம். இந்த ஒரு விதியைத் தொட்டதும் மற்ற எல்லாவற்றையும் தொட வேண்டி வந்திருக்கிறது.

பழையதை நான் முதலில் விளையாடியது மாமா வீட்டு பிளேஸ்டேஷன் 2-இல் (பிஎஸ்2). பிறகு பிஎஸ்4-க்கு வந்தபோது காசு கொடுத்து வாங்கி மறுபடி விளையாடினேன். மறுஆக்கத்தையும் அதே பிஎஸ்4-இல்தான் விளையாடுகிறேன். பிஎஸ்5-இல் படம் இன்னும் தெளிவாக இருக்கும், ஓட்டமும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வருவது படத்தைப் பற்றி இல்லை, கை செய்யும் வேலையைப் பற்றி.

பழைய கேமை இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. 1996-இல் முதல் ரெசிடென்ட் ஈவிலை இயக்கியவரும் அவர்தான். நான்காம் பாகத்தை எப்படிச் செய்வது என்று அந்த நிறுவனத்துக்குள் பல வடிவங்களை முயன்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒதுக்கிய ஒரு வடிவம்தான் 2001-இல் டெவில் மே க்ரை என்ற தனி கேமாகவே வந்தது. கடைசியில் நிலைத்தது, லியோனின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்த வடிவம். கியர்ஸ் ஆஃப் வார் தொடங்கி அதற்குப் பின் வந்த எத்தனையோ கேம்கள் அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டன. ஆனால் நின்று சுடும் விதியை மட்டும் பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். 2008-இல் வந்த டெட் ஸ்பேஸில் நடந்துகொண்டே சுடலாம். அடுத்த ஆண்டு வந்த ரெசிடென்ட் ஈவில் 5-இல் முடியாது. அப்போதே பலரும் இதைக் குறையாகச் சொன்னார்கள்.

பழையதில் அது குறை இல்லை என்பது என் திடமான கருத்து. காரணம் எதிரிகள். உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி ஆட்டிவைக்கும், கனாடோ என்ற அந்தக் கிராமத்து ஆட்கள் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். நாலைந்து அடி நெருங்கியதும் வேகம் குறைந்துவிடும். அரிவாளைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருவார்கள். அந்த இடைவெளி உங்களுக்காக விட்டது. நின்ற இடத்தில் நின்று, சிவப்புப் புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். முகத்தில் சுட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவான், ஓடிப் போய் உதைக்கலாம். அந்த உதை பக்கத்தில் நிற்கும் மூன்று பேரையும் சேர்த்துத் தள்ளும். காலில் சுட்டால் மண்டியிடுவான். எறிய வரும் கோடரியை நடுவானில் சுட்டுத் தட்டிவிடலாம். இன்ன இடத்தில் சுட்டால் இன்னது நடக்கும் என்று உறுதியாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு குண்டும் ஒரு முடிவு. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் துப்பாக்கியை இறக்கித் திரும்ப வேண்டும், சுடுவதா ஓடுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பயம் அங்கேதான் இருந்தது.

நடந்து சுடும் வசதியை மட்டும் கொடுத்துவிட்டு இதே எதிரிகளை அப்படியே விட்டிருந்தால் கேம் செத்திருக்கும். பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொருவனாகச் சுட்டுத் தள்ளிவிடலாம். இந்தத் தொடரிலேயே அதற்கு ஒரு பாடம் உண்டு. 2012-இல் வந்த ஆறாம் பாகத்தில் நடந்து சுடலாம், தரையில் விழுந்து சறுக்கலாம், படுத்தபடியே சுடலாம். எல்லாம் இருந்தும் எனக்கு ஒரு இடத்தில்கூட நெஞ்சு படபடக்கவில்லை. கையில் அத்தனை சுதந்திரம் கொடுத்தவர்கள், எதிரில் வருபவனுக்கு அதற்கு ஈடாக எதுவும் கொடுக்கவில்லை.

மறுஆக்கத்தை இயக்கிய யசுஹிரோ அம்போவும் கசுனோரி காடோயும் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருக்கிறார்கள். நாலைந்து அடியில் நின்றுவிடும் மரியாதை இப்போது எதிரிகளிடம் இல்லை. பக்கவாட்டிலிருந்து பாய்கிறார்கள், பின்னால் வந்து கட்டிப் பிடிக்கிறார்கள். நடந்துகொண்டே சுட்டால் குறி பரவிவிடும், நின்றால்தான் ஒடுங்கும். ஆக நிற்பதன் மதிப்பை முழுக்கத் தூக்கி எறியவில்லை. முன்பு அது கட்டாயம், இப்போது அது நாமே எடுக்கும் ரிஸ்க். முகத்தில் சுட்டாலும் தடுமாறுவான் என்று நிச்சயம் இல்லை. சில சமயம் இரண்டு குண்டு வாங்கிக்கொண்டும் வந்துகொண்டே இருப்பான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பழையதில் தலையில் குறி வைத்துச் சுட்டுவிட்டு, அடுத்த நொடி என்ன ஆகும் என்று தெரிந்து கால் எடுத்து வைத்த நிம்மதி இதில் இல்லை. திறமையாகச் சுட்டதற்குக் கிடைக்க வேண்டிய பலனைப் பாதி அதிர்ஷ்டத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நிம்மதிக்குப் பதிலாக அவர்கள் கொடுத்திருப்பது கத்தி. இந்த மறுஆக்கத்தின் உயிரே அதுதான். எதிரி ஓங்கும் நேரத்தில் சரியாக ஒரு பட்டனை அழுத்தினால் லியோன் கத்தியால் தட்டிவிடுவான். கேமர்கள் பேரி என்று சொல்வது இதைத்தான். நேரம் துல்லியமாக அமைந்தால் அவனே தடுமாறுவான், உதைக்கலாம். பறந்து வரும் கோடரியையும் தட்டலாம். கிராமச் சண்டையில் சாக்குப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு வருகிறானே, மரம் அறுக்கும் மெஷினோடு, அவனுடைய மெஷினையே கத்தியால் தாங்கலாம். முதல் தடவை தீப்பொறி பறக்க அது நடந்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். பழையதில் அந்த மெஷின் கழுத்தில் பட்டால் கதை முடிந்தது. அந்தச் சத்தம் கேட்டாலே ஓட்டம்தான். இப்போது அவனை நோக்கி நடக்க முடிகிறது.

இதனால் பயம் குறைந்ததா என்றால், கத்தி தேய்கிறது என்பதுதான் பதில். பழையதில் கத்தி என்றைக்கும் உடையாது. குண்டை மிச்சம் பிடிக்க விழுந்தவனைக் கீறிக்கொண்டே இருக்கலாம். புதியதில் தட்டினால் தேயும், பிடியிலிருந்து விடுபடக் குத்தினால் தேயும், கீழே கிடந்து துடிப்பவன் உடலிலிருந்து ஒட்டுண்ணி வெளியே வருவதற்குள் குத்தி முடித்தாலும் தேயும். மெஷினைத் தாங்கினால் ஒரேயடியாகக் கரையும். உடைந்தால், வழியில் ஆயுதம் விற்கும் கோட்டுப் போட்ட வியாபாரியிடம் போய்க் காசு கொடுத்துச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கிடைக்கும் சமையலறைக் கத்தியை வைத்துச் சமாளிக்க வேண்டும். குண்டை எண்ணுவதோடு கத்தியின் ஆயுளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய சண்டை இது. ஒரு சண்டையின் நடுவில் கத்தி உடைந்து, முன்னால் இருவர், பின்னால் ஒருவர் என்று நிற்கும்போது வருகிற பதற்றம் பழைய கேமின் பதற்றத்துக்குச் சமம். அது வேறு பாதையில் வருகிறது, அவ்வளவுதான்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். அவன் மறுஆக்கத்தைத்தான் முதலில் விளையாடினான். பழையதைப் போட்டுக் கொடுத்தேன். "மாமா, கண்ட்ரோலர் கெட்டுப் போச்சா? துப்பாக்கி எடுத்தா நடக்க மாட்டேங்கிறான்" என்றான். அப்படித்தான் இருக்கும், விளையாடிப் பார் என்றேன். கிராமச் சண்டையில் வரிசையாகச் செத்தான், எரிச்சலோடு ரொம்ப நேரம் புலம்பினான். அப்புறம் மெல்ல மெல்ல மாறினான். ஓடிப் போய்ச் சுவரில் முதுகைக் காட்டி நின்றான், முன்னால் வருபவன் முழங்காலில் சுட்டான், கூட்டம் நெருங்கியதும் ஜன்னல் வழியாகக் குதித்தான். "இது செஸ் மாதிரி இருக்கு மாமா" என்று அவனே சொன்னான். நடந்து சுடும் கேம்களிலேயே வளர்ந்த பையனுக்கு அந்தப் பழைய விதி ஒரு மாலையில் புரிந்துவிட்டது. அதனால்தான் அது காலாவதியான விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பழையதுதான் பயத்தில் மேல் என்று நான் அடித்துச் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது. தீவில் வரும் ரீஜெனரேட்டர். குண்டு பட்டு உடம்பு பிய்ந்தாலும் மறுபடி வளரும், கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டே ஆடி ஆடி நடந்து வரும் உருவம். உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளை ஒரு சிறப்பு ஸ்கோப் வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். பழையதில் ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நகர முடியாது. நீங்கள் அசையாமல் நிற்க, அது ஒவ்வொரு அடியாக நெருங்கி வரும். இன்னும் ஒரு ஒட்டுண்ணி பாக்கி, மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்கிறது. புதியதில் அதே ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கலாம். உருவம் இன்னும் அருவருப்பாக இருக்கிறது, சத்தம் பிரமாதம், ஆனாலும் கால் இருக்கும் தைரியம் நமக்கு வந்துவிடுகிறது.

ஆஷ்லி விஷயத்தில் தயங்காமல் புதியதன் பக்கம் நிற்பேன். முன்பு அவளுக்குத் தனியாக உயிர்க்கோடு உண்டு. நமக்குக் கிடைக்கும் மூலிகையில் பாதி அவளுக்குப் போகும். இப்போது அந்தக் கோடு இல்லை. அடிபட்டால் விழுவாள், ஓடிப் போய் எழுப்ப வேண்டும், அதற்குள் மறுபடி அடி விழுந்தால் முடிந்தது. ஒட்டி வா, கொஞ்சம் தள்ளி வா என்று இரண்டு கட்டளைகள்தான். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுப் போகும் பழைய வசதியை எடுத்துவிட்டார்கள். கூட்டமான சண்டைகளில் அதை நான் தேடினேன் என்பது உண்மை. ஆனால் அவளைக் காப்பது இப்போது கணக்குப் பார்க்கும் வேலையாக இல்லை, கண் வைத்திருக்கும் வேலையாக இருக்கிறது. அவள் தனியாக நடக்கும் கோட்டைப் பகுதி இன்னும் நல்ல மாற்றம். பழையதில் விளக்கை எடுத்து எறிவாள். இதில் கையில் ஒரு நீல விளக்கு. அதன் ஒளி பட்டால், தானே நடக்கும் இரும்புக் கவசங்கள் அப்படியே உறைந்து நிற்கும். துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. இந்த மறுஆக்கத்தில் என்னை முழுசாகப் பயமுறுத்தியது அந்தப் பகுதிதான்.

கட்சீன் என்ற கதைக் காட்சியின் நடுவே திடீரென்று பட்டனை அழுத்தச் சொல்லும் வழக்கமும் ஏறக்குறையப் போய்விட்டது. லியோனுக்கு முன்பே பழக்கமான எதிரி க்ராஸருடன் நடக்கும் கத்திச் சண்டை பழையதில் படம் பார்ப்பது போல ஓடும். நடுவில் தவறவிட்டால் அந்த இடத்திலேயே சாவு. இப்போது அது நம் கையால் நடக்கிற சண்டை. அவன் வீச, நாம் தட்ட, நாம் வீச, அவன் விலக. பழகிய கை எதையெல்லாம் கற்றுக்கொண்டது என்று அங்கே தெரியும்.

மறைந்து நடந்து பின்னாலிருந்து குத்துவது, வெடிமருந்து சேர்த்துக் குண்டு செய்வது, ஏரியைச் சுற்றி வியாபாரியின் சின்னச் சின்ன வேலைகளை முடிப்பது எல்லாம் புதிதாகச் சேர்ந்தவை. குண்டு செய்வது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷாட்கன் குண்டா, கைத்துப்பாக்கிக் குண்டா என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது, பழையதில் சண்டையின் நடுவே கிடைத்த யோசனை நேரத்தைக் கொஞ்சம் திருப்பித் தருகிறது. மற்றவை இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டேன். 2023 ஏப்ரல் 7 அன்று மெர்சனரீஸ் என்ற கூடுதல் ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்த அதே சமயத்தில், ஆயுதத்தின் கடைசி மேம்பாட்டை நேராகத் திறக்கும் டிக்கெட்டைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். கத்தி தேய்வதையும் குண்டு தீர்வதையும் வைத்துக் கட்டிய ஒரு கேமில், அந்தப் பற்றாக்குறையைக் காசு கொடுத்துத் தீர்க்க வழி வைத்தால் ஆட்டம் எங்கே இருக்கிறது? நேர்மையான வழி உள்ளேயே இருக்கிறது. ஒளித்து வைத்திருக்கும் 16 குட்டி பொம்மைகளைத் தேடி உடைத்தால் ஒரு தனிக் கத்தி திறக்கும், அதை முழுதாக மேம்படுத்தினால் உடையாது. அதைத் தேடி எடுங்கள், டிக்கெட் வாங்காதீர்கள். காசு செலவழிக்க வேண்டும் என்றால் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த செபரேட் வேஸ் பாகத்தை வாங்கலாம். அதில் நாம் ஆடும் ஏடா என்ற உளவாளியின் கொக்கிக் கயிறு சண்டையின் வேகத்தை இன்னொரு படி கூட்டுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டிவியில் கேம் மோடு இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் எங்கள் வீட்டு டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வந்தது. சுடுவதில் அது தெரியவில்லை, கத்தியால் தட்டும்போது பளிச்சென்று தெரிந்தது. அடுத்தது, எந்தக் கடின நிலையில் ஆடுவது. பழையதை முன்பே முடித்தவர்கள் நேராக ஹார்ட்கோரில் தொடங்குங்கள். ஸ்டாண்டர்டில் கத்தியின் தேய்மானம் அவ்வளவாக உறைக்காது. ப்ரொஃபஷனலில் ஆட்டோசேவ் கிடையாது, பேரியும் துல்லியமாக இருந்தால்தான் எடுபடும், அதனால் கை பழகிய பிறகு போங்கள். இப்போதுதான் இந்தத் தொடருக்கு வருபவர்கள் பழையதை முதலில் வாங்குங்கள். பிஎஸ்4, ஸ்விட்ச், ஸ்டீம் எல்லாவற்றிலும் கிடைக்கிறது, தள்ளுபடி நேரத்தில் விலையும் குறைவு. முதல் கிராமச் சண்டையைத் தாண்டும் வரை மட்டும் பொறுமையாக இருங்கள்.