டி.எஸ்.பி.யா, எப்பாவல பொஸ்பேற்றா, மாட்டெருவா?

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கினால், திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமத்திலிருந்து மூதூர் வரை வரம்பில் நிற்பவர்கள் கேட்பது இதைத்தான்: பயிருக்குப் பொஸ்பரசுச் சத்துக்கு எதை இடுவது? டி.எஸ்.பி. என்பது கப்பலில் வரும் இரசாயனப் பசளை, ட்ரிப்பிள் சுப்பர் பொஸ்பேற்று. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. கப்பலை நம்பாமல், அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவலையில் கிடக்கும் நம் நாட்டுப் பாறைத்தூளுக்கே மாறிவிடலாமே?

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்தத் தூள் கரைய மண்ணில் அமிலம் வேண்டும். தேயிலைக்கும் இறப்பருக்கும் அது சரி. அங்கே மண் புளிப்பு, பயிரும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நம் செங்கபில மண் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. மூன்று, நான்கு மாதப் பயிரால் அவ்வளவு காத்திருக்க முடியாது. மேட்டுநிலத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டு வரிசை சோளன் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வாரம், பாறைத்தூள் இட்ட வரிசையில் கீழ் இலைகளின் ஓரமெல்லாம் ஊதா, பொஸ்பரசு போதாததன் அடையாளம். டி.எஸ்.பி. இட்ட வரிசை நல்ல பச்சை. அதிலிருந்து தூளை எருக்கும்பத்தில் மட்டும்தான் சேர்க்கிறேன். மக்கும்போது கொஞ்சமாவது கரையும்.

அதற்காக டி.எஸ்.பி.யை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். பிரேசிலின் செராடோ சவன்னாப் புல்வெளியில் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்வதால், தொடக்கத்தில் நிறைய இட்டு மண்ணின் பசியை ஆற்றுகிறார்கள். நம் மண் அப்படிப்பட்டதல்ல. வயலில் நீர் கட்டினால் இரும்போடு ஒட்டியிருந்த பொஸ்பரசு தானாகவே விடுபடும். கணக்கும் எளிது: 50 கிலோ டி.எஸ்.பி. மூடையில் உண்மையான பொஸ்பரசு சுமார் 10 கிலோ. ஒரு தொன் நெல்லோடு வெளியேறுவது 2 முதல் 3 கிலோ. ஏக்கருக்கு இரண்டு தொன் வெட்டினாலும், சத்துள்ள வயலுக்கு ஒரு மூடை இரண்டு போகத்துக்குக் காணும். வைக்கோலை எரிக்காமல் பரப்பிவிட்டால் இன்னும் மிச்சம்.

மாட்டெருவில் பொஸ்பரசு குறைவு. ஒரு தொன்னுக்குச் சில கிலோதான். தனியாக அதை நம்ப முடியாது. ஆனால் ஈரத்தைப் பிடிக்கும், இட்ட டி.எஸ்.பி. மண்ணில் இறுகிப்போவதையும் குறைக்கும். சோளன், கச்சான், மிளகாய்க்கு என் தெரிவு எருவோடு கொஞ்சம் டி.எஸ்.பி. அதையும் மேலே வீசக்கூடாது. பொஸ்பரசு மண்ணில் நகராது. விதைக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில், சற்றுக் கீழே போகவேண்டும்.

நிலாவெளி, குச்சவெளி வெங்காயக்காரர்களை நினைத்தால்தான் கவலை. கோழி எருவும் போட்டு, போகத்துக்குப் போகம் டி.எஸ்.பி.யும் போட்டால் சத்து தேங்கிவிடும். அளவு மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைக்காது; மார்கழி மழையில் வழிந்து குளத்தில் பாசியாகும். அங்கே என் பதில் மூன்றுமே இல்லை. தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பொஸ்பரசு கூடுதல் என்று வந்தால் அந்தப் போகம் டி.எஸ்.பி. மூடையை வாங்காதீர்கள்.