நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி: பணம் கட்டுவது சுலபம், பாடம் நடக்க ஊரும் வர வேண்டும்

படித்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தைத் தாராளமாகச் சொல்வேன். எங்கள் பத்தாம் வகுப்பு செட் சேர்ந்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு இதன் வழியாகத்தான் பணம் அனுப்பினோம். இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு அங்கேயே கட்டிவிடலாம், யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. டிவிஎஸ் வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர் என்பதால் கம்பெனிகளுக்கும் நம்பிக்கை வருகிறது.

ஆனால் ஒன்று. வகுப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் போர்டு என்று கண்ணுக்குத் தெரிகிற, பெயர் எழுதி வைக்கிற பொருளுக்குத்தான் நன்கொடை வேகமாகச் சேர்கிறது. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை, கழிப்பறை சரியில்லாத பள்ளிக்குப் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலேதான் வந்து போகிறார்கள். இருந்தாலும் கணக்கு டீச்சர் மாறுதலில் போய் அரையாண்டு வரை ஆள் வராத ஒரு பள்ளியை எனக்குத் தெரியும், அங்கே புது போர்டு பூட்டிய அறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தபோது அவ்வளவு வேதனையாக இருந்தது.

இந்த இடத்தில்தான் பள்ளி மேலாண்மைக் குழு வருகிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, பாதிக்குக் குறையாமல் பெண்கள். 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழுக்கள் மூலம் எடுக்க அரசு அனுமதித்தது. அப்போது அறிவித்த மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். பி.எட். முடித்து, பஸ் பிடித்து, பத்தாம் வகுப்பை நடத்த வரும் ஒருவருக்கு இது எப்படிப் போதும்? எங்கள் ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொஞ்சம் சேர்த்துப் போட்டுக் கொடுத்ததால்தான் அறிவியல் டீச்சர் வருஷம் முழுக்க இருந்தார்.

அப்புறம் மாலை சிறப்பு வகுப்பு. நாலரை மணிக்குப் பசியோடு உட்காரும் பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறாது. எங்கள் ஊர் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு சுண்டலும் பயறும் அவித்துக் கொண்டுவருகிறார்கள், இருட்டிய பிறகு தூரத்துப் பிள்ளைகளை ஓர் ஆட்டோக்காரர் காசு வாங்காமல் வீட்டில் விடுகிறார். பெண் பிள்ளைகளை வீட்டார் தைரியமாக மாலை வகுப்புக்கு அனுப்புவது அந்த ஆட்டோ இருப்பதால்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. காமராஜர் ஆட்சியில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள், மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கித் தந்தார்கள். மதிய உணவே முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் பல இடங்களில் ஓடியது.

அதனால் பணம் கட்டுங்கள், கட்டும் முன் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று கேளுங்கள். ஊரிலேயே இருப்பவர்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு, பதிலைத் தீர்மானமாக எழுத வையுங்கள், வாய்ப்பேச்சாகச் சொன்னது அதிகாரிகளின் மேசைக்குப் போவதே இல்லை. திட்டத்தை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாலை வகுப்புச் சிற்றுண்டி, தற்காலிக ஆசிரியர் மதிப்பூதியம் போன்ற தேவைகளைப் பள்ளிவாரியாக முகப்பிலேயே காட்டுங்கள், எங்கள் செட் அடுத்த முறை அதற்குத்தான் கொடுக்கக் காத்திருக்கிறது.