நியூட்ரலா, கியரா: ஏலகிரி இறக்கமும் வாணியம்பாடிச் சாலையும்

ஏலகிரி மலையிலிருந்து அடிவாரத்துப் பொன்னேரிக்கு இறங்கும் பாதையில் முன்னால் போகும் காரின் பின்விளக்கைச் சற்று நேரம் கவனித்தால், அதை ஓட்டுபவர் நியூட்ரலில் விட்டிருக்கிறாரா, கியரில் வைத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். நியூட்ரலில் வருபவரின் பிரேக் விளக்கு அணைவதே அரிது. இரண்டாம் கியரில் வருபவருக்கோ அது வளைவுக்கு வளைவு ஒருமுறை எரிந்து அணைகிறது. அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகைகளைப் படிக்க நேரம் வாய்ப்பதும்கூடக் கியரைப் பொறுத்ததுதான்.

நியூட்ரலை விரும்புவோர் சொல்லும் முதற்காரணம் எரிபொருள் சிக்கனம். இன்ஜினின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அது தவறான கணக்கு அன்று. பழைய அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ கியரில் இறக்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்பும் வேகமாகச் சுழலும் இன்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில் பெட்ரோல் வந்துகொண்டேதான் இருக்கும். கணினி அளந்து எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் நிலைமை தலைகீழ். கார் கியரில் இருக்க, கால் ஆக்சிலரேட்டரை விட்டு விலகி, இன்ஜினின் சுழற்சியும் ஐடில் அளவுக்கு, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது சுழலும் வேகத்துக்கு, மேலாக இருந்தால், கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் அந்நேரத்துச் செலவு சுழியம். நியூட்ரலில் அவ்வாறு சுழற்ற எதுவும் இல்லாததால், இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டியிருக்கிறது. சிறிய பெட்ரோல் காருக்கு அது மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் இருக்கும். ஆகவே செங்குத்தான இறக்கத்தில், சிக்கனத்துக்காக நியூட்ரல் போடுகிறவர்தான் செலவு செய்கிறார்.

பெட்ரோலைவிடப் பெரிய கணக்கு பிரேக்கினுடையது. 1,000 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரில் இறங்கும்போது இதில் பெரும்பங்கை இன்ஜின் விழுங்குகிறது. நியூட்ரலில் காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் வெப்பமாக இறங்குகிறது. பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 (DOT 3) என்ற தர வகை ஆயிலில் புதிதாக ஊற்றும்போது குறைந்தது 205 டிகிரியாக இருக்கும் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை இறங்கக்கூடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவதை ஒரு தெரிவாக நான் கருதவில்லை. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும், சாவியை உருவினால் அது பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

நியூட்ரலுக்கு உண்மையிலேயே ஆதாயம் உள்ள இடமும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. கியரில் விட்டால் இன்ஜின் இழுவையால் வேகம் குறைந்துவிடும், நியூட்ரலில் விட்டால் அதே வேகத்தில் உருளும் என்ற அளவுக்கு மெல்லிய நீண்ட சரிவே அந்த இடம். ஆனால் நம் பக்கத்துச் சமவெளியில் அத்தகைய சரிவு எங்கே இருக்கிறது? வாணியம்பாடி வேலூரைவிட 100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து வேலூருக்குத் திரும்பும் பயணம் முழுவதும் இறக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த உயரம் சுமார் 65 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். 1,000 மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவிலான இந்தச் சரிவில் டயரின் உருளல் தடையைக்கூட ஈடுகட்ட முடியாது. அதற்கே 100 மீட்டருக்கு ஒரு மீட்டராவது இறங்கவேண்டும். எஞ்சுவன மேம்பாலங்களின் இறக்கங்கள் மட்டுமே. அவற்றில் மிஞ்சுவது சில மில்லிலிட்டர்; அதற்காக, பின்னால் லாரி நெருங்கும்போது உடனே வேகமெடுக்க முடியாத நிலையை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும்போது நியூட்ரலில் வெகுதூரத்திலிருந்தே உருண்டு வருவதும், கியரில் சற்றுத் தாமதமாகக் காலை எடுப்பதும் செலவில் ஏறத்தாழ ஒன்றுதான். நான் இரண்டாவதைச் செய்கிறேன். சுழற்சி ஐடிலை நெருங்கும்போது மட்டும் கிளட்சை மிதிக்கிறேன். அதை முன்னதாகவே மிதித்துக்கொண்டு உருள்வது நியூட்ரலின் குறைகள் அனைத்தோடும், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளும் வழி. வரிசையில் வண்டி நின்றுவிட்டால் நியூட்ரல் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடலாம்.