பிளக்கைப் பிடுங்கிய பிறகு: டிரான்ஸ்ஃபார்மர் செட்டும் இன்வெர்ட்டரும்

வெல்டிங் மெஷினில் எது நல்லது என்று கேட்டால் எடை, கரண்ட் செலவு, ஆர்க் நிற்கும் விதம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். இரும்புக் கோரில் காயில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் செட்டையும், எலெக்ட்ரானிக் போர்டில் ஓடும் இன்வெர்ட்டரையும் நான் ஒப்பிடப் போவது, மெஷின் பழுதாகி மேசைக்கு வந்த பிறகு. மூடியைத் திறக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிளக்கைப் பிடுங்கிய பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது?

ஆனால் திறப்பதற்கு முன்னால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேலை உண்டு. "ஆர்க் பிடிக்கவில்லை", "கரண்ட் இறங்குகிறது" என்று வரும் மெஷின்களில் பலவற்றில் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. எர்த் கிளாம்ப் துருப்பிடித்திருக்கும், கேபிள் முனையில் அழுத்திய லக் தளர்ந்திருக்கும், ஹோல்டரின் உள்ளே செம்பு இழைகள் பாதி அறுந்திருக்கும். ஒரு மூட்டில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 100 ஆம்பியர் போகும்போது அங்கே 100 வாட் சூடு பிறக்கிறது. ஐந்து நிமிடம் வெல்டிங் செய்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு மூட்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் குற்றவாளி தெரிந்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்: இரும்புக் கோர், இரண்டு காயில், ஸ்விட்ச், ஃபேன். பிளக் வெளியே வந்ததும் பெரும்பாலும் ஆபத்தும் வெளியேறிவிடும். முக்கிய விதிவிலக்கு, பவர் ஃபேக்டருக்காக, அதாவது லைனிலிருந்து வீணாக இழுக்கும் கரண்டைக் குறைக்க, லைன் பக்கம் கெப்பாசிட்டர் வைத்த பெரிய செட்டுகள். அதில் சார்ஜ் தங்கும். அந்த வட்டமான டப்பா கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

இதன் பழுதுகள் மூக்குக்கும் காதுக்கும் எட்டுபவை. வார்னிஷ் கருகிய வாடை வந்தால் காயில். டடடட என்று அதிர்ந்தால் கோர் போல்ட் தளர்ச்சி. சமீபத்தில் நான் திறந்த ஒன்றில், காயில் முனையின் லக்கைச் சுற்றிய ஸ்லீவ் பழுப்பேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. காயில் நன்றாகவே இருந்தது. கருகிய முனையை வெட்டி, புது லக் அழுத்தி, ஸ்பிரிங் வாஷரோடு முறுக்கியதும் மெஷின் ஓடியது. அப்புறம் 500 வோல்ட் மெக்கர் சோதனை, அதாவது இன்சுலேஷனின் தடையை அளப்பது. லைன் பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் இடையே 5 மெகாஓம், இரண்டில் எதற்கும் பெட்டிக்கும் இடையே 2.5 மெகாஓம், இதற்குக் குறைந்தால் திருப்பித் தரக் கூடாது. அவுட்புட்டில் டையோடு வைத்த டிசி செட் என்றால், மெக்கர் போடும் முன் டையோடுகளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஷார்ட் செய்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரில் கதையே வேறு. உள்ளே நுழையும் 230 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக்குவதால் கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நிற்கும். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று இருந்தால் அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 75 ஜூல். ஸ்விட்ச் அணைந்து, விளக்கு அணைந்து, ஃபேனும் நின்ற பிறகும் அது அங்கேயே இருக்கலாம். தானாக இறக்க வேண்டிய ரெசிஸ்டர் போர்டில் இருந்தாலும், பழுதான மெஷினில் அதுவே அறுந்திருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

சிலர் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தொட்டு டிஸ்சார்ஜ் செய்வார்கள். அப்படித் தொட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனி உருகி, போர்டின் செம்புக் கோடு ஒன்று ஆவியாகிப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த வயர்களில் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கெப்பாசிட்டர்களை அது 15 நொடியில் கிட்டத்தட்ட காலி செய்துவிடும். அதன் பிறகும் மீட்டரில் அளக்க வேண்டும். மீட்டரை முதலில் தெரிந்த ஒரு வோல்டேஜில் சோதித்து, கெப்பாசிட்டரை அளந்து, மறுபடி அதே வோல்டேஜில் சோதியுங்கள். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

பழுது தேடும் விதமும் மாறுகிறது. ஸ்விட்ச் போட்டதும் கெப்பாசிட்டர்கள் மெதுவாக நிரம்ப விட்டு, பிறகு முழு கரண்டைத் திறந்துவிடுவது சாஃப்ட் ஸ்டார்ட் ரிலே. ஓரிரு நொடியில் அது 'டக்' என்று ஒலிக்காவிட்டால் அங்கிருந்து தொடங்கலாம். பியூஸ் எகிறினால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பிரிட்ஜையும், அந்த டிசியை வேகமாக வெட்டி விடும் எலெக்ட்ரானிக் ஸ்விட்சான ஐஜிபிடியையும் மீட்டரின் டையோடு மோடில் பாருங்கள். ஐஜிபிடியின் கரண்ட் போகும் இரு கால்களான கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் பீப் வந்தால் ஐஜிபிடி போய்விட்டது. போனதை மட்டும் மாற்றி மூடிவிடுவதுதான் பெரிய தவறு. ஐஜிபிடிக்குக் கட்டளை தரும் கேட் ரெசிஸ்டரும் டிரைவரும் சேர்ந்தே அடிபட்டிருக்கக்கூடும், அதைப் பார்க்காமல் கரண்ட் கொடுத்தால் புதிய ஐஜிபிடி அந்த நொடியே போகும். அதனால் முதல் தடவை 100 வாட் இழை பல்பு ஒன்றை லைனில் சீரிஸாகப் போட்டே ஓட்டுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு இருக்கும்போது ஆர்க் அடிக்க வேண்டாம். மெக்கரையும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போடுவதுபோல் இதற்குப் போட முடியாது. சர்வீஸ் மேனுவல் சொல்லும் வயர்களைக் கழற்றிய பிறகுதான்.

தூசி இரண்டுக்கும் எதிரி. ஆனால் கிரைண்டர் தூள் கரண்டைக் கடத்தும் என்பதால் இன்வெர்ட்டர் போர்டுக்கு அது எமன். ஈரமில்லாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள், ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு.

இவ்வளவையும் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர்தான் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹோல்டர் முனையில் நிலைமை தலைகீழ். வியர்வை, ஈரம், நெருக்கடியான இடம் என்றால் வெல்டிங் மெஷின்களுக்கான ஐஇசி 60974-1 என்ற சர்வதேச தரநிலை சும்மா நிற்கும் மெஷினின் ஏசி வோல்டேஜை 48 வோல்ட்டோடு நிறுத்தச் சொல்கிறது. டிசிக்கு, பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தருவது அதுதான், 113 வரை விடுகிறது. சாதாரண ஏசி செட் 80 வோல்ட் வரை தரலாம். ஈரக் கையுறையோடு ராடு மாற்றுகிறவருக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

ரிப்பேர் கற்றுக்கொள்கிறவர் டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் தொடங்கட்டும் என்பதுதான் என் கருத்து. இன்வெர்ட்டரில் வெளி மூட்டுகள், தூசி, ஃபேன் வரை யாரும் பழகலாம், அதுவும் சார்ஜை இறக்கி அளந்த பிறகு. போர்டில் கரண்ட் இருக்கும்போது அளக்கும் வேலையை, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்காமல் தொடவே வேண்டாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் மூடியைப் பூட்டிய பின், பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெயிண்ட் இல்லாத பெட்டித் தகட்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். சாதாரண நீள வயரில் 0.3 ஓமுக்கு மேல் காட்டினால், மறுபடி திறந்து எர்த் ஸ்க்ரூவைச் சுரண்டி முறுக்குங்கள்.