சிவப்புச் சாய விரிசல் டெஸ்ட் செட்: படகு ஷாஃப்டுக்கு வாங்கலாமா?

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றுகிற யாரும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய சாமான் இது. மூன்று ஸ்பிரே டப்பா, அவ்வளவுதான்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். பட்டறைகளில் டிபி டெஸ்ட் (டை பெனட்ரன்ட், அதாவது விரிசலுக்குள் ஊறுகிற சாயத்தை வைத்துச் செய்கிற சோதனை) என்பார்கள். ராமநாதபுரத்தில் வெல்டிங் சாமான் விற்கிற கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள், செட் ஆயிரம் ரூபாய் சுமாருக்கு வரும். ஷாஃப்ட், அதாவது எஞ்சினிலிருந்து போய் புரொப்பல்லரைச் சுற்றுகிற தண்டு, முறிந்து படகைக் கட்டி இழுத்து வருகிற செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு காசே இல்லை.

நம் பக்கத்தில் துருவைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பாம்பன் பழைய ரயில் பாலத்தை 1914-லிருந்து பெயின்ட் அடித்து அடித்துக் காப்பாற்றியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்மானம் கைக்குத் தெரியும். எனக்குப் பயம் வேறொன்றில். உப்புத் தண்ணீரும் இழுவிசையும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்தால் உலோகம் தேயாமலே விரிசல் விடும், அதுவும் வெளியே பளபளவென்று இருக்கும்போதே.

ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிற அலைன்மென்ட் கொஞ்சம் தப்பினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை வளைந்து நிமிரும். கியருக்குப் பின்னால் நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 36,000 தடவை. காய்ந்த காற்றில் இருக்கிற சாதாரண எஃகு, வளைவு ஒரு அளவுக்குள் இருந்தால் எத்தனை கோடி தடவையானாலும் தாங்கும். கடல் தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு எல்லையே கிடையாது, சின்ன வளைவு கூட என்றாவது ஒருநாள் விரிசலாகிவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட் போட்டால் கவலை இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பேரிங்குக்கு உள்ளே, தண்ணீர் படகுக்குள் வராமல் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கிற கிளாண்ட் பேக்கிங்குக்கு அடியில், தண்ணீர் ஓடாமல் தேங்குகிற இடத்தில் ஆக்சிஜன் குறைந்து எஸ்.எஸ்.ஸின் காப்புப் படலம் உடைகிறது, அங்கே ஊசிக்குத்து போல ஒரு குழி விழுகிறது, அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. எஸ்.எஸ். ரகங்களில் 304-ஐ விட மாலிப்டினம் கலந்த 316 நன்றாகத் தாங்கும், உண்மைதான், ஆனாலும் சோதிக்காமல் விடக்கூடாது.

சரி, செட்டுக்கு வருகிறேன். ஷாஃப்டைக் கழற்றி, பெயின்ட், சிப்பி, எண்ணெய் எல்லாம் எடுத்து கிளீனரால் துடைத்துக் காயவிட்டு, கீவே (புரொப்பல்லரைப் பூட்டுகிற சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலையிலும் டேப்பரிலும் (முனை கூம்பாகக் குறுகுகிற இடம்) சிவப்பை அடித்துப் பத்திலிருந்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தமான பனியன் துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும், நேராக ஷாஃப்ட் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் டெவலப்பரை நன்றாகக் குலுக்கி மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். விரிசல் இருந்தால், வெள்ளைப் பூச்சு காயக் காய, கீவே முடிகிற மூலையிலிருந்து ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு தலைமுடி அளவுக்குச் சிவப்புக் கோடு ஊறி வரும், கொஞ்ச நேரத்தில் தடித்துக் கசியும். வெறுங்கண்ணால் பார்த்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967-ல் விழுந்து 46 பேர் செத்தார்கள். காரணம், ஒரு இரும்புக் கம்பியின் துளை ஓரத்தில் இருந்த, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். பாலத்தைக் கழற்றாமல் அந்த இடத்தைப் பார்க்கவே வழி இல்லை. நமக்குத் தடைக்காலத்தில் 61 நாள் கிடைக்கிறது, ஷாஃப்ட் கையில் இருக்கிறது, பார்க்காமல் விட என்ன நியாயம் இருக்கிறது?

குறைகளும் உண்டு. மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே இது காட்டும், உள்ளே புதைந்திருப்பது தெரியாது. கரடுமுரடான வெல்டிங் மேல் அடித்தால் எங்கு பார்த்தாலும் சிவப்பாக வந்து குழப்பும். மத்தியான வெயிலில் சுட்டுக்கிடக்கிற ஷாஃப்டில் சாயம் காய்ந்துபோய் எதுவும் காட்டாது, காலையிலேயே செய்துவிடுங்கள். தீப்பிடிக்கும் சரக்கு, பக்கத்தில் வெல்டிங் நடந்தால் தொடவே வேண்டாம். ஒரு நல்ல விஷயம், காந்தத்தை வைத்துச் செய்கிற சோதனை 316-க்கோ வெண்கல புரொப்பல்லருக்கோ ஆகாது, இது இரண்டுக்கும் ஆகும்.

கோடு தெரிந்தால் அதன் மேல் வெல்டிங் அடித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கி, அந்த இடத்திலேயே புது இழுவிசையை விட்டுவிட்டுப் போகும். ஷாஃப்டை மாற்றுங்கள், மாற்றும்போது அலைன்மென்டையும் பாருங்கள். வாங்கும்போது கிளீனர் மட்டும் ஒரு டப்பா கூடுதலாக எடுங்கள், மூன்றில் அதுதான் முதலில் தீர்கிறது.