நீச்சல் தடாகத்துக்கு கேஸ் ஹீட்டரா, ஹீட் பம்பா?

மட்டக்களப்பு வெக்கையில் தடாகத் தண்ணீரை எதற்குச் சூடாக்க வேண்டும் என்று சிரிப்பவர்கள், மார்கழி மழையும் வாடைக்காற்றும் சேர்ந்த ஒரு காலையில் இறங்கிப் பார்க்கலாம். கல்லடியில் எங்கள் விடுதித் தடாகத்தில் சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள், மூட்டுவலிக்காரர் சிலர் தண்ணீருக்குள் நடக்க வருகிறார்கள். தண்ணீர் 28 பாகையாவது இல்லாவிட்டால் இரண்டு கூட்டமும் வராது.

முதலில் இருந்தது கேஸ் ஹீட்டர். போன மாரிக்கு முன்னால் ஹீட் பம்புக்கு மாறினோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. சூரியத் தகட்டை யோசிக்கவேயில்லை. நமக்குச் சூடு தேவைப்படும் மாதங்களில்தான் வெயிலே இருக்காது.

செலவை முதலில் முடித்துவிடுவோம். 40,000 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற ஏறக்குறைய 46 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்) வெப்பம் வேண்டும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை முழுதாக எரித்தாலும், புகையோடு போவது போக மூன்று பாகை கூட ஏறாது. ஹீட் பம்ப் ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நம் ஊர்க் காற்று மாரியிலும் சூடுதான் என்பதால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஐந்து யூனிட் வெப்பம் அளவில் கிடைக்கும். ஒரு சிலிண்டர் செய்கிற அதே வேலை முப்பது யூனிட் கரண்டுக்குள் முடிகிறது. 2022இல் கேஸுக்கும் வரிசை, கரண்டும் பல மணிநேரம் இல்லை. அந்த வருஷத்தைக் காட்டி இரண்டில் எதையும் குறை சொல்ல முடியாது.

வேகத்தில் கேஸ்தான். 37.5 கிலோ சிலிண்டர்களை வரிசையாக இணைத்துப் பெரிய ஹீட்டரைப் போட்டால் ஓரிரண்டு மணியில் சூடு தெரியும். ஹீட் பம்புக்கு அரை நாள், ஒரு நாள் போகும்.

எங்களை மாற வைத்தது இதெல்லாம் இல்லை, பராமரிப்பு. கேஸ் ஹீட்டரைச் சும்மா விட்டு வைக்க முடியாது. கோடை முழுக்க நின்றுவிட்டு மாரிக்குத்தான் பற்ற வைப்போம். அதற்குள் பர்னருக்குள் குளவி கூடு கட்டியிருக்கும், பல்லி செத்துக் கிடக்கும், கடல் உப்பில் தட்டு கறள் பிடித்திருக்கும். காற்று சரியாகக் கிடைக்காமல் எரிந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனொக்சைட் வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஹீட்டரை ஜன்னலுக்குக் கீழே வைக்கக்கூடாது, புகைவழியை அடைக்கக்கூடாது என்பதெல்லாம் இதனால்தான். கேஸ் கசிந்தால் மணம் வரும், உண்மைதான். ஆனால் எல்பி கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். பம்ப் அறைக்குக் கூரையோரம் மட்டும் துவாரம் விட்டுப் பயனில்லை, நிலமட்டத்திலும் வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்ததற்குப் பிறகு எங்கள் வேலைக்காரத் தம்பி அந்த அறைக்குள் தனியாகப் போகவே மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் ரெகுலேட்டர், குழாய், இணைப்புகள் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். ஹீட்டர் எரியும்போது தண்ணீர்ப் பம்பை நிறுத்தினால் சுவாலை தானாக அணைய வேண்டும்; அணையாவிட்டால், தண்ணீர் ஓட்டம் நின்றதும் ஹீட்டரை நிறுத்துகிற சுவிட்ச் வேலை செய்யவில்லை, அன்றோடு ஹீட்டரை மூடிவிட வேண்டியதுதான். அப்புறம் தண்ணீர். அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.2க்குக் கீழே இறங்கினால் ஹீட்டருக்குள்ளே இருக்கிற செம்புக் குழாயை அரிக்கும், 7.8க்கு மேலே போனால் சுண்ணாம்பு படியும்.

இவ்வளவும் நாமே செய்யலாம். ஆனால் பர்னரைக் கழற்றி, கேஸ் அழுத்தத்தை அளந்து, உள்ளே கரி பார்க்கிற வேலைக்குத் தெரிந்த ஆள் வேண்டும். எங்களுக்கு அவர் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. மழையில் பாதை வெள்ளம் என்றால் வரமாட்டார், நாமும் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவோம். ஆபத்து அந்தத் தள்ளிப்போடுதலில்தான் இருக்கிறது. ஹீட் பம்பைக் கவனிக்காமல் விட்டால் பில் கூடும், தண்ணீர் சூடாகாது, அவ்வளவுதான். கேஸ் ஹீட்டரை அப்படி விட முடியாது.

ஹீட் பம்புக்கும் வேலை இருக்கிறது. வெளித்தகடுகளை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும். கரண்ட் இணைப்புக்கு நில வயரும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். ஆனால் கழன்றது, அடைத்தது என்றால் ஏசி திருத்துகிற பாஸ் காத்தான்குடியிலிருந்து பின்னேரத்துக்குள் வந்துவிடுவார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: எங்களுடையது பார்த்திருப்பது ஒரே ஒரு மாரிதான். கம்ப்ரசர் கடல் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். எதை வாங்கினாலும் இரவில் தடாகத்துக்கு மூடி போடுங்கள், சூட்டில் பெரும்பகுதி ஆவியாகித்தான் போகிறது.

சனி ஞாயிறு மட்டும் ஆள் வருகிற, அருகிலேயே நல்ல கேஸ் திருத்துநர் இருக்கிற இடம் என்றால் கேஸ் ஹீட்டரே சரி. எங்கள் பழையதைப் பாசிக்குடாப் பக்கம் ஒருவர் கேட்டிருக்கிறார். ரெகுலேட்டரையும் குழாயையும் புதிதாக வாங்கினால்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.