ஏற்காட்டு இறக்கத்துக்கு எது: பஞ்ச் ஈவியா, வின்ட்சரா?

டாடா பஞ்ச் ஈவி, எம்ஜி வின்ட்சர் என்ற இரண்டு மின்சாரக் கார்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, 35 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள பஞ்சை எடுத்தேன். வீடு சேலம் கோரிமேட்டில், பிழைப்பு ஏற்காட்டில். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடவசதியில் பஞ்ச் தோற்கிறது, பேச்சே இல்லை. வின்ட்சரின் டிக்கி 604 லிட்டர், பஞ்சில் 366. வின்ட்சரின் பின்சீட்டு 135 டிகிரி வரை சாயும். ஷோரூமில் அதில் உட்கார்ந்த என் மாமியார் இறங்க மனமில்லாமல்தான் இறங்கினார். விலையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வின்ட்சர் 9.99 லட்சம் என்று விளம்பரப்படுத்தியது பேட்டரி இல்லாத விலை. பேட்டரி வாடகை, அறிமுகமானபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 5,250 ரூபாய் ஆச்சு; கரண்ட் பில் தனி. பில் என்றதும் ஒன்று: எந்த வண்டி வாங்கினாலும், வீட்டில் சார்ஜ் போட்டு இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மலை ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்கு எளிது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். ஆட்களோடு வண்டி 1,700 கிலோ என்று வைத்தால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஐந்தரை யூனிட் போகும். மோட்டார் அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறது, கிளட்ச் வாசனை கிடையாது.

இறங்கும்போதுதான் வேலை. அதே ஐந்தரை யூனிட் எங்கேயாவது போயாக வேண்டும்: ஒன்று பிரேக்கில் சூடாக, இல்லையென்றால் பேட்டரிக்குத் திரும்ப. பெட்ரோல் வண்டியில் இரண்டாவது கியரில் இறக்குவோமே, அந்த வேலையை இங்கே ரீஜென் செய்கிறது; அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புவது. பஞ்சில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில், அதாவது விரலுக்கு எட்டும் சின்ன நெம்புகோல், இருக்கிறது. விரலால் தட்டினால் ரீஜென் கூடும், குறையும். கொண்டை ஊசி வருகிறதா, மூன்றாம் நிலை. வளைவு முடிந்து சாலை நேரானதும் ஒன்றாம் நிலை. கண் சாலையை விட்டு அகலாது. இருபது வளைவிலும் பிரேக்கில் கால் வைப்பது கடைசி நொடியில், அதுவும் லேசாக. எதிரே பஸ் திரும்பும்போது மட்டும் அழுத்தி மிதிக்கிறேன்.

வின்ட்சரிலும் ரீஜென் நிலைகள் உண்டு, ஆனால் நான் ஓட்டிய வண்டியில் அதை மாற்றத் தொடுதிரைக்குள் போக வேண்டியிருந்தது. ஊருக்குள் ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். வளைவுக்கு வளைவு மாற்றுகிறவனுக்கு அது சரிவராது. வின்ட்சரை மலையில் நான் ஓட்டவில்லை, டெஸ்ட் டிரைவ் சேலம் ஜங்ஷன் பக்கத்தோடு முடிந்துவிட்டது. ஒரே நிலையில் வைத்துச் சுகமாக இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அகலம் இன்னொன்று: வின்ட்சர் 1,850 மில்லிமீட்டர், பஞ்ச் 1,742. எஸ்டேட் பாதையில் ஜீப்புக்கு வழிவிடும்போது அந்த நாலு அங்குலம் தெரியும்.

மேலே தங்கும்போது 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி கரண்டை வாங்காது, ரீஜென் கிட்டத்தட்ட கைவிட்டுவிடும், முழுப் பாரமும் பிரேக்குக்கு. நான் 80-இல் நிறுத்திவிடுவேன். அடிவாரம் வரும்போது மீட்டர் ஏறியிருக்கும்.

ரீசேல் பற்றி இப்போதே பேசுவது ஜோசியம். என் பஞ்சின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. வின்ட்சரில் வாழ்நாள் வாரண்டி என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும், உங்களிடமிருந்து வாங்குகிறவர் இதைக் கேட்பார்.

என் மச்சான் வின்ட்சர்தான் எடுக்கப்போகிறார். அவர் ஓட்டம் நாமக்கல், ஈரோடு. "மாப்ள, எனக்கு எதுக்குப் பேடில்?" என்றார். அவருக்கு வேண்டாம்தான்.